அச்சில்லாத தறி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைத்தறி தினத்தை ஒட்டி ஆகஸ்ட் 7-ஆம் தேதி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை, காரைக்குடியில் இருக்கும் என் தங்கை மகன் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தான். எழுத்து பொடியாக இருந்ததால் பேத்தியை விட்டுப் பெரிதாக்கி, இரண்டு முறை படித்தேன். தமிழ்நாட்டு நெசவாளர்களைப் பற்றி எழுதியதில் எனக்கு மறுப்பே இல்லை. கடைசி இரண்டு பத்திகள்தான் உறுத்தின. இந்திய-பர்மா எல்லை மலைகளில் பெண்கள் இன்னமும் இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து நெய்கிறார்களாம். அவர்களுக்குச் சட்டத்தறி (மரச்சட்டத்தில் பொருத்தி, காலால் மிதித்து நெய்யும் தறி) கொடுத்துப் பயிற்சியும் கொடுத்தால் உற்பத்தி பெருகுமாம், கலையும் பிழைத்துவிடுமாம்.

நான் 31 வருடம் கலேமியோ பஜாரில் நூல் கடை வைத்திருந்தவள். என்னிடம் நூல் வாங்கியவர்கள் பாதிக்கு மேல் அந்த மலைப் பெண்கள்தான். அதனால் இதைப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். கடிதம் நீண்டுவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் பூவை அச்சடித்த ஆலைத் துணியைப் பற்றிச் சொல்லும் பகுதியை மட்டும் வெட்ட வேண்டாம்.

கலேமியோ என்கிற கலே என்றால் உங்கள் வாசகர்களுக்குத் தெரியாது. பர்மாவில் சின் மலைகளின் அடிவாரத்தில் இருக்கும் சமவெளி ஊர். மேற்கே பார்த்தால் சுவர் மாதிரி மலை நிற்கும். அதில் ஏறினால் டெடிம், ஃபலாம், ஹக்கா என்று சின் மக்களின் ஊர்கள் வரும். என் தாத்தா அருப்புக்கோட்டைக்காரர். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு லட்சக்கணக்கான பேர் எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தார்களே, அவர்களில் ஒருவர். போர் முடிந்து திரும்பி வந்தவர் ரங்கூன் வரை போகாமல் கலேயிலேயே ஒரு துணிக்கடை போட்டார். 1964-ல் கடைகள் தேசியமயமானபோது அதுவும் போயிற்று. கப்பல் ஏறிப் போனவர்கள் போக, நாங்கள் இருந்துவிட்டோம். அப்புறம் அப்பா வீட்டுத் திண்ணையில் வைத்து நூல் விற்றார், நான் கடையாக்கினேன். இவ்வளவுதான் எங்கள் கதை.

என் அப்பத்தா அருப்புக்கோட்டையில் குழித்தறிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். பாவு (நீளவாக்கு நூல்), ஊடை (குறுக்கு நூல்), விழுது, நாடா, படைமரம் (நெய்த துணியைச் சுற்றும் மரம்) எல்லாம் அவள் வாயிலிருந்து எனக்கு வந்த வார்த்தைகள்தான். அவள் முதல் தடவை ஒரு சின் பெண் நெய்வதைப் பார்த்தபோது, "தறி எங்கடி?" என்று கேட்டாளாம். நியாயமான கேள்வி. மலைத் தறியைக் கழற்றினால் பத்துப் பன்னிரண்டு மூங்கில் குச்சிகளும் ஒரு பலகையும் ஒரு வாரும்தான் மிஞ்சும். பாவின் ஒரு முனையைச் சுவரிலோ தூணிலோ கட்டுவார்கள். மறுமுனை நெய்பவளின் மடியில் இருக்கும். அங்கிருந்து ஒரு வார் அவள் இடுப்பைச் சுற்றிப் போகும். காலை நீட்டி ஒரு கட்டையில் உதைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் குனிந்தால் தளரும். நெய்கிறவளே தறியில் பாதி. வாள் மாதிரி வழவழப்பான ஒரு மரப்பலகையை ஊடே விட்டு ஊடையை அடித்து இறுக்குவாள். பூ போடுவதற்கு நூலை எண்ணி எடுப்பது முள்ளம்பன்றி முள்ளால். அந்த முள் மழுங்கினால் என் கடைக்கு வந்து ஊசி கேட்பார்கள். கொடுத்தால், "இது நூலைக் குத்துது" என்று திருப்பித் தந்துவிடுவார்கள்.

அப்பத்தாவுக்கு விளங்காமல் போனது ஒரு விஷயம். இந்தத் தறியில் அச்சு, அதாவது பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு மாதிரிச் சட்டம், கிடையாது. நம் தறியில் பாவின் ஒவ்வொரு இழையும் அச்சின் பல்லுக்குள் புகுந்து, இடைவெளி விட்டு ஒழுங்காக நிற்கும். அந்த இடைவெளியில்தான் ஊடை வெளியே தெரிகிறது. மலைத் தறியில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கியடித்து நிற்கின்றன, ஊடை உள்ளே மறைந்துவிடுகிறது. பூ நூல் போக, கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பாவுதான். அதனால் அந்தத் துணி கெட்டியாக, கனமாக இருக்கும். மலைக்குளிருக்கு அதைப் போர்த்திக்கொண்டு நெருப்புப் பக்கத்தில் உட்காரலாம். அகலம் மட்டும் வராது. ஒரு கை எட்டும் தூரம்தான் வரும். ஆகவே இரண்டு பட்டையாக நெய்து நடுவில் சேர்த்துத் தைக்கிறார்கள். அந்தத் தையலின் இரு பக்கமும் பூ சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் மாமியார்கள் மருமகளின் கையை எடைபோடுவார்கள். நம் ஊர் மாமியார்கள் ரசத்தை வைத்து எடைபோடுவதைவிட இது மேல் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது சட்டத்தறிக்கு வருகிறேன். கட்டுரையாளர் சொன்ன யோசனை புதிதல்ல. பல வருடம் முன்பே ஓர் அமைப்பு கலேயில் சில சின் பெண்களுக்குச் சட்டத்தறி கொடுத்துப் பயிற்சியும் கொடுத்தது. நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. பயிற்சிக்கு நூல் கொடுத்தவளே நான்தான், காசும் சரியாக வந்தது. ஆனால் கால் ஊன்றி நிற்கும் மர வீடுகளுக்குள் அந்தத் தறி நுழையவில்லை. சிலர் வீட்டுக்கு அடியில் போட்டார்கள். அச்சுக்குள் போன பாவு விலகி நின்றது, துணி மெலிந்தது. பழைய பூவை அதில் போட்டால் நீள்வாக்கில் இழுத்த மாதிரி வந்தது. போர்வையாகப் போர்த்தினால் காற்று உள்ளே வந்தது. வாங்குகிறவர்களும் சின்காரர்கள்தானே, தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து நான் ஒரு வீட்டுக்குப் போனபோது படைமரத்தில் சிறுசுகளின் துணி காய்ந்தது, மிதிகட்டைக்குப் பக்கத்தில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரி மேலே தரையில் உட்கார்ந்து, இடுப்பில் வாரோடு, பழையபடி நெய்துகொண்டிருந்தாள்.

சட்டத்தறியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமரபுரத்தில் 1914 முதல் நெசவுப் பள்ளி இருக்கிறது, சமவெளியின் நெசவுக்கு அது வேண்டியதுதான். தறியை மாற்றினால் வருவது வேறு துணி. வேறு துணி நெய்ய ஆசைப்பட்டால் நெய்யட்டும். ஆனால் புவான் பிழைத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். புவான் என்றால் அவர்கள் பேச்சில் துணி, போர்வை. எல்லைக்கு அந்தப்பக்கம் மிசோரத்திலும் இதே சொல்தான்.

அந்தத் துணிக்கு ஒரு காலத்தில் இருந்த மதிப்பையும் சொல்ல வேண்டும். ஹக்கா பக்கத்தில் பட்டு நூலில் பூப் போட்ட உயர்ந்த புவானை எல்லோரும் போர்த்திவிட முடியாது. மாடு அடித்து ஊருக்கு விருந்து வைத்துப் பேர் வாங்கியவர்களுக்குத்தான் அந்த உரிமை. மிசோக்களிடம் கல்யாணப் பெண் ஒரு கறுப்புப் புவானைப் புகுந்த வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவாளாம். புருஷன் செத்தால் மூட அது வேண்டுமே என்று. கல்யாணத்தன்றே அந்த ஏற்பாடு. 1899-ல் அமெரிக்க பாதிரிமார் ஹக்காவுக்கு வந்தார்கள். கிறிஸ்தவம் பரவப் பரவ விருந்துகள் நின்றன, யார் எதைப் போர்த்தலாம் என்ற கணக்கும் தளர்ந்தது. ஆனால் நெசவு நிற்கவில்லை. 1948 பிப்ரவரி 20-ல் ஃபலாமில் கூடிய சின் மக்கள், பரம்பரைத் தலைவர்கள் ஆட்சி போதும், மக்களாட்சி வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்த நாள்தான் சின் தேசிய தினம். அன்றைக்கு எங்கே இருந்தாலும் சின்காரர்கள் தங்கள் துணியைத்தான் உடுத்துவார்கள். எனக்கு தீபாவளி வியாபாரம் என்று தனியாக ஒன்று கிடையாது. கிறிஸ்துமஸும் பிப்ரவரி 20-ம்தான் என் தீபாவளி. அக்டோபரில் நூல் வாங்கினால்தான் பிப்ரவரிக்குள் நெய்து முடிக்க முடியும்.

அடுத்து என் குற்றங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது அக்ரிலிக். என் அப்பா காலத்தில் மலையிலிருந்து இறங்கும் பெண்கள் தாங்களே விளைத்த பஞ்சில் நூற்ற நூலோடு வருவார்கள். நீலம் வீட்டுச் செடியில் எடுத்தது, சிவப்பு அரக்கில் எடுத்தது. எங்களிடம் பட்டும் வெள்ளை நூலும் மட்டும் வாங்குவார்கள். 1995-ல் தமு-மோரே எல்லை வியாபாரம் திறந்தது. 2001-ல் தமு-கலேவா-கலே 160 கிலோமீட்டர் சாலையை இந்தியா போட்டுக் கொடுத்தது. மணிப்பூர்ப் பக்கத்து எல்லை ஊரான மோரேயில் நம் தமிழர்கள் இருக்கிறார்கள், அங்காளபரமேஸ்வரி கோவில் இருக்கிறது, பேச்சுக்குப் பஞ்சமில்லை. அந்த வழியில் மூட்டை மூட்டையாக அக்ரிலிக் நூல் வந்தது. ரோஜா, ஊதா, கிளிப்பச்சை என்று கண்ணைப் பறிக்கும் நிறங்கள். சாயம் போகாது, துவைத்தால் சுருங்காது, கையில் மெத்தென்று இருக்கும், விலையும் மலிவு. ஒரே வருடத்தில் பருத்தி நூலை யாரும் கேட்கவில்லை. நூலைப் போல சேலை என்பார்கள், அந்த நூலை விற்றவள் நான்.

ஆனால் இதற்காக நான் ரொம்ப வருத்தப்படுவதாக நடிக்கவும் மாட்டேன். அந்தப் பெண்கள் ஏமாந்து வாங்கவில்லை, விரும்பித்தான் வாங்கினார்கள். பஞ்சு கொட்டி, நூற்று, சாயத் தொட்டியில் கை கறுத்துக் கிடந்த வேலை குறைந்தது. வெளியூரிலிருந்து வருகிற படித்தவர்கள் கடையில் நின்று, "ஐயோ, இயற்கைச் சாயம் போச்சே" என்பார்கள். சாயத்தில் கை விட்டவர்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நூல் மாறியது. நெசவு அப்படியேதான் இருந்தது. அதே வார், அதே முள், அதே எண்ணிக்கை.

இரண்டாவது குற்றம்தான் பெரிது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு கணக்கு. 2019-ல் ஃபலாமிலிருந்து என்னிடம் வரும் ஒரு பாட்டியோடு கடையில் உட்கார்ந்து போட்டது. ஒரு நல்ல புவானுக்கு 18,000 கியாட் (பர்மா காசு) நூல். சமையல், தோட்டம், பன்றி, பேரப்பிள்ளைகள் போக நெசவுக்கென்று உட்கார்ந்த நாட்களைக் கூட்டினால் 40. விற்றது 1,50,000 கியாட்டுக்கு. நூல் போக மிச்சம் 1,32,000. நாளுக்கு 3,300. அப்போது நாட்டில் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 4,800. பாட்டிக்கு இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "நீ கணக்குப் போடுற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

வேகம் போதவில்லை, அதனால்தான் சட்டத்தறி என்று கட்டுரையாளர் சொல்லக்கூடும். அப்படியானால் என் இரண்டாவது குற்றத்தைக் கேளுங்கள்.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு ஒரு மொத்த வியாபாரி கடைக்கு வந்தார். புவானின் பூவைப் படம் எடுத்து ஆலைத் துணியில் அப்படியே அச்சடித்த லுங்கிகள், பெண்கள் கட்டும் தமைன்கள். தூரத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும். நான் 8,000 கியாட் என்று விலை வைத்தேன். ஒரு புவான் விலைக்கு இதில் 18 வாங்கலாம். பலகையில் "சின் துணி" என்று எழுதி வாசலில் தொங்கவிட்டேன். அச்சு என்று எழுதவில்லை. கேட்டவர்களிடம் பொய் சொல்லவில்லை, ஆனால் கேட்காதவர்களிடம் சொல்லவும் இல்லை. வியாபாரிகளுக்குத் தெரியும், கேட்காதவர்கள்தான் அதிகம்.

ஒரு ஜனவரி மாதம் அந்த ஃபலாம் பாட்டி வந்தார். நெய்து முடித்த புவானை யாருக்கோ கொடுத்துவிட்டு, அடுத்ததற்கு நூல் வாங்க வந்தவர். வாசலில் தொங்கியதைப் பார்த்தார். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, நேராகத் திருப்பினார். பின்பக்கம் வெளிறிக் கிடந்தது.

"அமா, இதுக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்லையே" என்றார். அமா என்றால் பர்மிய மொழியில் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்னை அக்கா என்பது கடைக்காரி என்ற மரியாதைக்காக.

"அச்சு" என்றேன்.

"எவ்வளவு?"

சொன்னேன். அவர் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது, திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பேரம் பேச ஆரம்பித்தார். ஐந்நூறு குறைத்து, 7,500 கொடுத்து ஒரு தமைன் வாங்கிக்கொண்டார். பேத்திக்காம். பள்ளியில் பிப்ரவரி 20 விழாவில் ஆட வேண்டுமாம். நெய்ததை விற்றால்தான் அவள் டியூஷன் காசு கட்ட முடியும், அதனால் அதைப் பேத்திக்குக் கொடுக்க முடியாது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, நூல் கழிகளை எண்ணி எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு போனார்.

நான் அன்று ராத்திரி தூங்கவில்லை என்றெல்லாம் எழுதினால் பொய். தூங்கினேன். மறுநாளும் விற்றேன். ஆனால் அந்த வருடமும் அடுத்த வருடமும் ஒன்றைக் கவனித்தேன். நூல் வாங்க வருகிறவர்கள் குறையவில்லை, வயதுதான் ஏறிக்கொண்டே போனது. இளசுகள் நூலுக்கு வரவில்லை, வாசலில் தொங்குவதற்கு வந்தார்கள். புவான் விலையும் ஏறவில்லை. யாராவது 1,50,000 சொன்னால் வாங்க வந்தவர், "கலே பஜாரில் 8,000-க்குக் கிடைக்குதே" என்று என் கடையைக் கைகாட்டினார். என் வாசலில் தொங்கிய துணி, மலையில் ஒருத்தி மடியில் இருக்கும் துணிக்கு விலை வைத்துக்கொண்டிருந்தது. சட்டத்தறி கொடுத்து நாளுக்கு இரண்டு மடங்கு நெய்தால்கூட அந்த 8,000-த்தோடு போட்டி போட முடியாது. விசைத்தறியே அச்சோடு போட்டி போட முடியாமல் திணறுகிறது, பாட்டி எங்கே போவார்?

தாமதமாகத்தான் பலகையை மாற்றினேன். ஒரு பக்கம் "கை நெசவு", இன்னொரு பக்கம் "அச்சுத் துணி, ஆலையில் செய்தது". அச்சு வியாபாரம் குறைந்துவிடும் என்று பயந்தேன். கொஞ்சம் குறைந்தது, முழுகிப் போகவில்லை. அச்சு வேண்டுமென்று வந்தவர்கள் அச்சையே வாங்கினார்கள். ஆனால் இதுவரை அச்சை நெசவு என்று நினைத்து வாங்கியவர்களில் சிலர் இரண்டையும் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்குத் துணியைத் திருப்பிக் காட்டுவேன். கையால் போட்ட பூவில் நூல் பூவின் ஓரம் வரை போய் அங்கேயே திரும்பிவிடும், பின்பக்கம் குறுக்கே ஓடாது. இயந்திரத்தில் போட்ட பூவுக்குப் பின்னால் நூல் நீளமாக ஓடும், அல்லது வெட்டிய பிசிறு தெரியும். அச்சுக்குப் பின்னால் வெளிறிய நிழல்தான். இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும்.

2020 ஜனவரியில் நான் தமிழ்நாட்டுக்கு வந்திருந்தேன். முந்தின வருடம்தான் கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. அதே 2019-ல் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் மிசோரத்தின் புவான்சேய் என்ற புவானுக்கும் கிடைத்தது. பஞ்சாமிர்தமும் புவானும் ஒரே பட்டியலில் இருந்ததைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தச் சந்தோஷத்தோடு காரைக்குடியில் ஒரு கடைக்குள் நுழைந்து கண்டாங்கி கேட்டேன். எடுத்துப் போட்டார்கள். கைத்தறியா என்றேன். "அதே டிசைன்தாம்மா" என்றார் கடைக்காரர். மறுபடி கேட்டேன், மறுபடியும் அதே பதில். அந்தப் பதிலை நான் கலேயில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! அவர் மேல் கோபம் வரவில்லை.

அதே பயணத்தில் கோ-ஆப்டெக்ஸில் சேலை வாங்கியபோது, நெய்தவரின் படத்தோடு ஒரு சின்ன அட்டை இருந்தது. 1935-ல் தொடங்கிய பழைய கூட்டுறவு, அதன் கடைகளில் விளக்கு வெளிச்சம்கூடக் குறைவுதான். ஆனால் அந்த அட்டை எனக்குப் பிடித்துப்போயிற்று. சேலையைக் கட்டிப் பழசாக்கிவிட்டேன், அட்டை இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. திரும்பிப் போய்க் கலேயில் இதே மாதிரி செய்ய வேண்டும் என்று நினைத்தேன். முதலில் கொரோனா வந்தது. பிறகு 2021 வந்தது.

2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நடந்ததை உங்கள் வாசகர்கள் செய்தியில் படித்திருப்பார்கள், நான் விவரிக்கப் போவதில்லை. சின் மலை ஊரான தந்த்லாங் எரிந்தது, மலை ஊர்கள் காலியாயின, ஆயிரக்கணக்கானவர்கள் எல்லையில் ஓடும் தியாவ் ஆற்றைக் கடந்து மிசோரத்துக்குப் போனார்கள். எங்கள் கடையையும் மூடிவிட்டு மகளோடு ரங்கூன் வந்துவிட்டேன். 2015 வெள்ளத்தில் கலே மூழ்கியபோது என் நூல் மூட்டைகள் எல்லாம் சேற்றில் போயின, அப்போதுகூட மூடவில்லை.

அந்த வெள்ளத்தில் ஒரு காட்சி பார்த்தேன். கட்டுரையாளருக்கு அதைக் காட்ட முடிந்தால் நன்றாக இருக்கும். தண்ணீரில் இறங்கி வந்த ஒரு பெண்ணின் தலையில் ஒரு பாய்ச்சுருள் மாதிரி ஏதோ இருந்தது. பாதி நெய்த புவான், குச்சிகளோடு அப்படியே சுருட்டி, வாரால் கட்டியிருந்தாள். பள்ளிக்கூடத்து மாடியில் இடம் கிடைத்ததும் ஜன்னல் கம்பியில் கட்டி, விட்ட இழையிலிருந்து தொடர்ந்தாள். சட்டத்தறியை அப்படித் தலையில் தூக்க முடியாது. அடிக்கடி ஓட வேண்டியிருக்கிற மக்களுக்கு இதைவிட வசதியான தறியை யார் செய்து கொடுத்துவிட முடியும்?

இப்போது ரங்கூனில் இன்செயின் பக்கம் சின் மக்கள் நிறைய இருக்கிறார்கள். ஃபலாம் பாட்டி தவறிவிட்டார். 7,500 கியாட் தமைனைக் கட்டிக்கொண்டு ஆடிய அந்தப் பேத்தி ஐந்தாம் மாடியில் ஓர் அறையில், இன்னும் மூன்று பெண்களோடு இருக்கிறாள். பகலில் தையல் ஆலை வேலை. ராத்திரி பால்கனிக் கம்பியில் பாவைக் கட்டி நெய்கிறாள். பாட்டியிடம் சின்ன வயதில் பார்த்தது பாதி, போனில் அத்தையிடம் கேட்டுக் கற்றது பாதி. பலகையால் அடிக்கும் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் வந்து சண்டை போடுகிறார் என்று ஒன்பது மணிக்கு நிறுத்திவிடுகிறாள். நூல் நான் வாங்கிக் கொடுக்கிறேன், விற்ற பிறகு காசு கொடுத்தால் போதும் என்று.

ஆகவே என் வேண்டுகோள்கள் சின்னவைதான். உங்கள் பத்திரிகையைப் போனில் படிக்கும் நம்மவர்கள் ரங்கூனில் நிறைய பேர் துணி வியாபாரம் செய்கிறார்கள். ஸ்காட் மார்க்கெட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கிறவர்களும் உண்டு. அச்சை விற்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 7,500-க்கும் ஆள் இருக்கிறது, அந்த ஆள் யார் என்றும் சொல்லிவிட்டேன். அச்சு என்று எழுதி விற்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். கை நெசவுத் துணியை அதோடு ஒரே அடுக்கில் வைக்காதீர்கள். வாங்கும்போது நெய்தவளிடம் பேரம் பேசுவதாக இருந்தால், முதலில் எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். தமிழ்நாட்டில் யாராவது இந்தப் பூவைக் காட்டி அச்சடித்துத் தரச் சொன்னால், என்ன பேரில் விற்கப் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆசிரியர் அவர்களுக்கும் ஒன்று. அடுத்த ஆகஸ்டில் கைத்தறிப் படம் போடும்போது துணியின் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் போடுங்கள். இடம் பற்றாவிட்டால் பின்பக்கத்தை மட்டும் போட்டாலும் சரி.

அட்டை யோசனையை அந்த ஃபலாம் பாட்டியின் பேத்தியிடம் போன வாரம் சொன்னேன். கோ-ஆப்டெக்ஸ் அட்டையை எடுத்துக் காட்டினேன். படம் வேண்டாம் என்றாள், இந்தக் காலத்தில் எதற்கு என்றாள். பேரும் ஊரும்கூட வேண்டாமாம். அப்புறம் என்னதான் போடுவது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாள் போடுங்க அமா. 40 நாள்னு. ராத்திரியில மட்டும்னு சேர்த்துப் போடுங்க" என்றாள். முதல் அட்டையை என் கையாலேயே எழுதிவிட்டேன், பர்மிய எழுத்தில். அவள் கணக்குப்படி 40 அல்ல, 63 ஆகியிருந்தது.

இப்படிக்கு,
கலேமியோ பஜாரின் பழைய நூல் கடைக்காரி,
ரங்கூன்.